ஜன்னல் பக்கத்துப் பெரியவர்

காரா-பெல்,
12 மார்ச் 1998

என் அருமை அக்கா அனார்கானுக்கு, தங்கை புருல்கான் எழுதுவது.

நீ, அத்தான், பிள்ளைகள், பதினோரு ஆடுகள், அந்தக் கடிக்கிற நாய் எல்லோரும் பனிக்காலத்தைத் தாண்டி வந்துவிட்டீர்களா? இங்கே என் முழங்கால்களைத் தவிர அனைவரும் சுகம். முழங்கால்கள் இரண்டும் பேசிவைத்துக்கொண்டு வேலைநிறுத்தம் செய்கின்றன. குளிர்காலம் முழுக்க நான் தின்ற குதிரை இறைச்சியை இனிமேல் சுமக்க முடியாதாம்.

போன கடிதத்தில் பதினேழு பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியிருந்தாயே, அதை எங்கள் ஆஸ்பத்திரி சமையல்காரி பார்த்துவிட்டாள். "தலைமை நர்ஸுக்குப் பதினேழு தப்பா? எங்களுக்கு மருந்தை யாரு அளந்து குடுக்கறது?" என்று அடுப்பங்கரை முழுக்கச் சிரிப்பு. தலாஸில் நீ ஊருக்கெல்லாம் டீச்சராக இரு. எனக்கு மட்டும் அக்காவாக இருந்தால் போதும்.

ஆனால் இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. மூன்றாம் வார்டில் இரண்டு கிழவர்கள். ஒருவர் ஜன்னல் பக்கத்துக் கெட்டிக் கட்டிலில், சர்க்கரை நோய்க்காரர். இன்னொருவர் கதவுப் பக்கம், துர்தகுன், நெஞ்சுச் சளி. துர்தகுனின் மகன் அவருடைய குதிரை கார்லிகச்சைக் கொண்டுவந்து எங்கள் ஆஸ்பத்திரி வேலியில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். கிழவருக்குப் படுத்தபடி குதிரையைப் பார்க்க ஆசை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் கட்டிலை மாற்றிக்கொண்டார்கள். யாரிடமும் சொல்லவில்லை. சாயங்கால டியூட்டிக்கு வந்த சின்ன நர்ஸ் கலியா, ஜன்னல்காரருக்குப் போட வேண்டிய இன்சுலினைத் துர்தகுனுக்குப் போட்டுவிட்டாள். அரை மணி நேரத்தில் கிழவர் வேர்த்து, உளறி, கண் சொருகிவிட்டார். நல்லவேளை, யாரோ பார்த்துவிட்டார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஐந்து நிமிடக் கூட்டம் ஒரு மணி நேரம் ஓடியது. எங்கள் பெரிய டாக்டர் மாமிர்குல் மேசையைத் தட்டித் தட்டியே மை பாட்டிலைக் கவிழ்த்தார். கலியா நின்றபடியே அழுதாள். ஜூன் கடைசியில் மாகாணத்திலிருந்து விசாரணைக் குழு வருகிறது. அவளுடைய நர்ஸ் சான்றிதழைப் பறித்துவிடுவார்கள் என்றுதான் பேச்சு. இருபத்து மூன்று வயது, புருஷன் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய் ஒரு வருஷமாகக் கடிதமே இல்லை, மாமனார் மாமியார் இவள் கையை நம்பித்தான் இருக்கிறார்கள். பாவம்தான். ஆனால் இந்தக் காலத்துப் பெண்களுக்குக் கவனம் எங்கே இருக்கிறது? நான் தெளிவாகத்தான் சொல்லிவிட்டுப் போனேன்.

அத்தானின் இடுப்பு வலிக்கு ஆட்டுக் கொழுப்பைச் சூடாக்கித் தடவு. முத்தங்களுடன்,
உன் புருல்கான்


தலாஸ்,
2 ஏப்ரல் 1998

தங்கை புருல்கானுக்கு,

எல்லோரும் நலம். ஆடுகள் பதினொன்று பதினாறாகிவிட்டன. அத்தானின் இடுப்பு, அவர் விறகு வெட்டாத நாட்களில் நன்றாகவே இருக்கிறது. நீ குதிரை இறைச்சியைக் குறை, முழங்கால்கள் வேலைக்குத் திரும்பும்.

உன் கடிதத்தில் இம்முறை பதினான்கு பிழைதான். முன்னேற்றம். ஆனால் ஒரு வாக்கியத்தின் கீழே கோடு போட்டிருக்கிறேன், பார்: "நான் தெளிவாகத்தான் சொல்லிவிட்டுப் போனேன்." என்ன சொன்னாய்? எந்த வார்த்தைகளில்? என் வகுப்பில் ஒரு மாணவி "தெளிவாக எழுதியிருக்கிறேன் டீச்சர்" என்று சொன்னால் முதலில் நோட்டைத்தான் கேட்பேன்.

இன்னொன்று. அந்தக் கிழவர் துர்தகுனிடம் தப்பான ஊசி போட்டோம் என்று யாராவது சொன்னீர்களா?

அக்கா அனார்கான்


காரா-பெல்,
20 ஏப்ரல் 1998

அன்பு அக்கா,

நௌரூஸ் புத்தாண்டு வாழ்த்துகளைத் தாமதமாகச் சொல்கிறேன். கோதுமைக் கஞ்சியை எட்டு மணி நேரம் கிண்டியதில் என் வலது கை இப்போது மல்யுத்தக்காரன் கை மாதிரி இருக்கிறது. இடது கை இன்னும் பெண்பிள்ளை கைதான். வீட்டில் பெரியவர், என் மாமனார், சுகமாக இருக்கிறார். காதுதான் மந்தம். அதாவது நான் கேட்கும்போது மந்தம், போர்சோக் ரொட்டி எண்ணெயில் பொரிகிற சத்தம் மட்டும் மூன்று வீடு தாண்டிக் கேட்கும்.

செய்தி தெரியுமா? மாமிர்குலின் மனைவி தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு வந்தாள். வாசல் காவலாளி அடையாளம் தெரியாமல் "நோயாளியைப் பார்க்கிற நேரம் முடிஞ்சுபோச்சும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டான். மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் ஒருவரும் ஒழுங்காக வேலை செய்யவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஜன்னல் பக்கத்துப் பெரியவருக்கு இன்சுலின் என்று சொன்னேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். ஜன்னல்காரர், கதவுக்காரர், அடுப்போரத்துக் கிழவி. மருந்துத் தாள்கள் டாக்டர் அறையில் பூட்டிக் கிடக்கும். வாயால் சொல்லி, டியூட்டி நோட்டில் ஒரு வரி எழுதி, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். முப்பது வருஷமாக இதுதான்.

துர்தகுனிடம் யாரும் சொல்லவில்லை. மாமிர்குல், "நோயாளிகிட்ட இதையெல்லாம் சொன்னா பயந்துடுவாங்க. அப்புறம் எவன் இங்க வருவான்?" என்கிறார். கிழவரிடம் "வயசாயிடுச்சு பெரியவரே" என்று மட்டும் சொல்லி அனுப்பிவைத்தார். ஆனால் கிழவர் லேசுப்பட்டவரா? தானே விசாரணை நடத்தி முடித்துவிட்டார். அன்று மதியம் மருமகள் பாத்மா கொண்டுவந்த சூப்தான் காரணமாம். அதில் அவள் ஏதோ கலந்துவிட்டாளாம். வீட்டுக்குப் போனதிலிருந்து அவள் கையால் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. தானே உருளைக்கிழங்கு வேகவைத்துத் தின்கிறாராம். பாத்மா கிணற்றடியில் நின்று அழுததைச் சமையல்காரி பார்த்திருக்கிறாள்.

கலியா விளக்கக் கடிதம் கொடுத்துவிட்டாள். ஒரே வரி: "தவறு என்னுடையது மட்டுமே." என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எதற்காக இருக்க வேண்டும்?

கர்ப்பிணிப் பெண்களுக்குக் கெட்டி மாத்திரை கொடுக்கும் நாள் இன்று. வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது. முடிக்கிறேன்.

புருல்கான்


தலாஸ்,
9 மே 1998

புருல்கான்,

நலம் விசாரிப்பதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன். இம்முறை பிழைகளை எண்ணவும் இல்லை. எழுதாமல் விட்டதைத்தான் எண்ணினேன்.

துர்தகுனுக்குப் பெயர் இருக்கிறது. அவர் மருமகளுக்குப் பெயர் இருக்கிறது. அவர் குதிரைக்குக்கூடப் பெயர் இருக்கிறது, கார்லிகச். ஆனால் உன் இரண்டு கடிதங்களிலும் அந்த ஜன்னல்காரருக்கு மட்டும் பெயரே இல்லை. ஊரில் உள்ளவன் வீட்டுக் கோழி முட்டை போட்டால்கூட அந்தக் கோழியின் பரம்பரையை எழுதுகிறவள் நீ.

என் பெரிய கிடாயைப் பந்தயம் வைக்கிறேன். அந்த மனிதரின் பெயர் தெமிர்பேக்.

நான் எழுதலாம். அது என் மாமனார் பெயர் அல்லவே. உன் மாமனாருக்குத்தான் அதே பெயர், தெமிர்பேக். கல்யாணமான நாளிலிருந்து இருபத்தாறு வருஷமாக அந்தப் பெயரை நீ நாக்கில் வைத்ததில்லை. பெயர் மட்டுமா? அதில் தெமிர் இருக்கிறது, தெமிர் என்றால் இரும்பு என்பதற்காக இரும்பையே நீ சொல்வதில்லை. இரும்புக் கட்டில் உனக்குக் கெட்டிக் கட்டில். இரும்புச் சத்து மாத்திரை கெட்டி மாத்திரை. மருமகள் மரியாதை என்று ஊரே உன்னைப் புகழும். நானும்தான் புகழ்ந்தேன். என் மாமனார் பெயரை நானும் சொல்வதில்லை. ஆனால் நான் யாருக்கும் ஊசி போடுவதில்லை.

இப்போது சொல். அன்று நீ ஜன்னல் என்றது, எல்லோரும் சொல்கிற வழக்கத்தாலா? அல்லது அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்பதாலா?

கதவுப் பக்கத்தில் இருந்தவரை நீ துர்தகுன் என்றுதான் சொல்லியிருப்பாய்.

அனார்கான்


தலாஸ்,
3 ஜூன் 1998

தங்கை புருல்கானுக்கு,

இங்கே அனைவரும் சுகம். உன்னிடமிருந்து பதில் இல்லை. கணவாய் திறந்துவிட்டது, தபால் வண்டி வாரம் இருமுறை வருகிறது, தபால்காரன் எங்கள் வீட்டு வாசலில் நின்று வெறுங்கையை விரித்துக் காட்டுகிறான். அவனுக்கே உன்மேல் கோபம்.

என்மேல் உனக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும். சின்ன வயதில் நீ உடைத்த பால் பானைக்கு நான் அடி வாங்கினேன், ஞாபகம் இருக்கிறதா? நீ அடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் உன் சர்க்கரைக் கட்டியை என் தலையணைக்கு அடியில் வைத்தாய். உன்னால் நெடுநாள் ஒளிந்திருக்க முடியாது என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

விசாரணைக் குழு எந்தத் தேதியில் வருகிறது? அதையாவது எழுது. எழுதாவிட்டால் நேரில் வருவேன். நாயையும் கூட்டிக்கொண்டு வருவேன்.

அக்கா


காரா-பெல்,
14 ஜூன் 1998

அன்பு அக்கா,

நாயைக் கூட்டி வராதே. எழுதுகிறேன்.

உன் மே மாதக் கடிதத்தை என் வெள்ளைக் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தேன். தினமும் கோட்டை மாட்டும்போது அது என்னைக் குத்தும். நான் எவ்வளவு பருத்தவள் என்று உனக்குத் தெரியும். என்னைக் குத்திக் கண்டுபிடிக்க ஒரு காகிதத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கிடாய் உன்னிடமே இருக்கட்டும். பந்தயத்தில் நீ ஜெயித்துவிட்டாய். அதே பெயர்தான்.

டியூட்டி நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து. "துர்தகுன் - இருமல் மருந்து." "சுலைமான் - கட்டு மாற்ற." "பெய்ஷென் - சிறுநீர்ப் பரிசோதனை." அடுத்த வரி: "ஜன்னல் - 12 யூனிட்." அந்த மனிதர் இரண்டு வருஷத்தில் நான்கு தடவை வந்து படுத்திருக்கிறார். பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஒரு தடவை "நெட்டையர்". ஒரு தடவை "தொப்பிக்காரர்". ஒரு தடவை வெறும் ஒரு கோடு. எங்கள் மருத்துவமனையில் தொப்பி இல்லாத கிழவர் யார்? முப்பது வருஷம் நர்ஸ், பதினொரு வருஷம் தலைமை நர்ஸ், சுவரில் மூன்று பாராட்டுப் பத்திரங்கள். இரண்டு வருஷமாக அந்த மனிதர் பிழைத்திருந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

இன்னொன்றையும் உன்னிடம் மறைத்தேன். "யாரோ பார்த்துவிட்டார்கள்" என்று எழுதினேனே, அந்த யாரோ கலியாதான். ஊசி போட்ட பிறகும் அரை மணி கழித்துத் தானாகப் போய் எட்டிப் பார்த்திருக்கிறாள். கிழவர் வேர்த்திருப்பதைக் கண்டதும் சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டிக்கொண்டே டாக்டரைக் கத்திக் கூப்பிட்டிருக்கிறாள். அவரைப் பிழைக்க வைத்ததே அவள்.

மருந்து அறையில் அவளைப் பிடித்தேன்.

"ஏன்டி, தலைமை நர்ஸ் ஜன்னல்னுதான் சொன்னாங்கன்னு எழுத வேண்டியதுதானே? வாயில என்ன பஞ்சா வச்சிருந்த?"

"எழுதினா, ஏன் பேரைச் சொல்லலன்னு உங்களைக் கேப்பாங்கக்கா."

"கேக்கட்டுமே."

"அப்ப நீங்க அந்தப் பேரை எல்லார் முன்னாடியும் சொல்ல வேண்டி வரும்." தலையைக் குனிந்துகொண்டாள். "நானும் ஒரு வீட்டு மருமகதானேக்கா."

அக்கா, அடுப்புக்குப் பின்னால் ஒளிந்தவளை அந்த ஒரு வார்த்தை காதைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டது.

மறுநாளே ஆம்புலன்ஸ் ஓட்டுநரைத் தாஜா செய்து துர்தகுன் வீட்டுக்குப் போனேன். மாமிர்குலிடம் சொல்லவில்லை. கிழவர் வாசலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார். தோலைவிடக் கிழங்குதான் அதிகமாகக் கீழே விழுந்தது. பாத்மா தூரத்தில் பசு கறந்துகொண்டிருந்தாள்.

"வாம்மா வெள்ளைக் கோட்டு. யாரு செத்தா?"

"யாரும் சாகல பெரியவரே. நீங்க சாகப் பாத்தீங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

சொன்னேன். எல்லாவற்றையும். ஊசி, கட்டில், நான் சொன்ன வார்த்தை. கத்தி அப்படியே நின்றது.

"அப்ப சூப்புல ஒண்ணும் இல்லையா?"

"சூப்புல உப்புகூடச் சரியாத்தான் இருந்திருக்கும்."

"உப்பு கம்மி," என்றார் கிழவர். "அவ எப்பவும் கம்மியாத்தான் போடுவா." திரும்பிக் கார்லிகச்சைப் பார்த்தார். பிறகு வெடித்தார் பார்: "மூணு மாசம்! மூணு மாசம் நான் கிழங்கு தின்னேன்! அந்தப் பொண்ணைக் கொலைகாரின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்! அவ அண்ணன்காரன் வந்து கூட்டிட்டுப் போறேன்னு நின்னான்! உங்க பெரிய டாக்டருக்கு வாயில நாக்கு இல்லையா? ஊசியை மாத்திப் போட்டீங்க, சரி. அதைச் சொல்றதுக்குமா ஆள் மாறிப்போச்சு?"

நான் தலையைக் குனிந்து நின்றேன். என் கழுத்து குட்டையானது, அவ்வளவாகக் குனியவும் வராது.

கடைசியில் கிழவர் பசுப் பக்கம் திரும்பி, "மருமவளே! மதியம் செஞ்ச சூப்பு மீதி இருக்கா?" என்று கத்தினார். பாத்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

விசாரணைக் குழு இருபத்தைந்தாம் தேதி. நான் போய் எழுந்து நின்று சொல்லப்போகிறேன். முடிவு செய்துவிட்டேன். ஆனால் அக்கா, அந்தப் பெயரைச் சொல்லாமல் இதைச் சொல்லவே வழியில்லை. கண்ணாடி முன்னால் நின்று முயன்றேன். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. விக்கல் வருகிறது. இதோ, உனக்கு எழுதும்போதுகூட நான் எழுதவில்லை, கவனித்தாயா?

புருல்கான்


தந்தி
தலாஸ், 22 ஜூன் 1998

சொல்லிவிடு. அக்கா.


காரா-பெல்,
2 ஜூலை 1998

அன்பு அக்கா,

உன் தந்தியைக் கொண்டுவந்த தபால்காரி அதை முதலில் படித்துவிட்டாள், பிறகு ஊரும் படித்துவிட்டது. "சொல்லிவிடு" என்றால் என்ன சொல்ல, யாரிடம் சொல்ல என்று சந்தையில் ஐந்து விதமான கதை ஓடுகிறது. ஒன்றில் எனக்குக் காதலன் இருக்கிறான். இந்த முழங்கால்களோடு.

முதலில் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். இருபத்து நான்காம் தேதி காலை. பெரியவர் முற்றத்தில் வெயிலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு எதிரில் நின்றேன்.

"அப்பா, உங்ககிட்ட ஒரு அனுமதி வேணும்."

"ஆட்டை விக்கப் போறியா?"

"இல்லப்பா. நாளைக்கு ஆஸ்பத்திரியில நான் உங்க பேரைச் சொல்லணும்."

காது மந்தம் என்றேனே, அது அன்றைக்கு இல்லை. நடந்ததையெல்லாம் கேட்டார். தேநீர் ஆறிப்போனது. பிறகு தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"உன் மாமியார் நாப்பத்தேழு வருஷம் என்கூட இருந்தா. ஒரு நாளும் சொன்னதில்ல. 'ஏய், இவரே'ன்னே வாழ்ந்துட்டுப் போயிட்டா. கூட்டாளிங்க எல்லாம் மண்ணுக்குள்ள. இப்ப என் பேரைச் சொல்றது தபால்காரி ஒருத்திதான். பேப்பர் கொண்டாந்து, மேலே எழுதியிருக்கறதைப் படிச்சுட்டுக் குடுப்பா. அதுக்காகத்தான் பேப்பரே வாங்குறேன். அந்தப் பொடி எழுத்து என் கண்ணுக்குத் தெரியுதா என்ன?"

பத்து வருஷமாக அந்தப் பேப்பரை அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டிருந்தவள் நான்.

"சரி, சொல்லு," என்றார்.

"இப்பவா?"

"நாளைக்குத் தடுமாறினா என் மானம்தானே போகும்? சொல்லிப் பழகு."

"தெ..." என்றேன். விக்கல்.

"தண்ணியக் குடி. சொல்லு."

"தெமிர்பெக்," என்றேன், கிண்ணத்துக்குள் பேசுவதுபோல.

"காதுல விழல."

"தெமிர்பெக்!"

"என்னது?"

"தெமிர்பெக்!" என்று கத்தினேன் அக்கா. பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "என்ன சண்டை?" என்றாள். பெரியவர் அவளைப் பார்த்து, "எங்க வீட்டு மருமக என்னைக் கூப்பிடுறா, உனக்கென்ன?" என்றார். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் குழு. மூன்று பேர், நடுவில் மெலிந்த கண்ணாடிக்கார அம்மாள். மாமிர்குல் முன்னுரை சொன்னார்: அனுபவமின்மை, கவனக்குறைவு, நடவடிக்கை. கலியா சுவரோரம் சுவரின் நிறத்திலேயே நின்றாள். வெளியே குளம்புச் சத்தம். துர்தகுன் குதிரையை வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார், காவலாளி கத்திக்கொண்டிருந்தான். கிழவர் நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார்.

நான் எழுந்தேன். "தப்பு அந்தப் பொண்ணோடது இல்ல. டியூட்டி மாறும்போது நான் ஒப்படைச்சது சரியில்ல."

கண்ணாடிக்காரர், "எந்த நோயாளியைப் பற்றி ஒப்படைத்தீர்கள்?" என்று கேட்டார்.

"ஜன்னல்..." என்றேன், நாக்குப் பழக்கத்தில்.

"பெயர்?"

மாமிர்குல் ஃபைலை மூடினார். "அம்மா, இது எங்க ஊர் மரியாதை விஷயம். பேரை நான் சொல்றேன், அவங்களை விட்டுடுங்க," என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், பாவம்.

"வேணாம் டாக்டர்," என்றேன். "நீங்க சொன்னா மறுபடியும் நான் சொல்லாத மாதிரிதான் ஆகும். நோயாளி பேரு தெமிர்பெக். அது என் மாமனார் பேரு. அதனால நான் இரண்டு வருஷமா அவரைப் பேர் சொல்லாம நடத்தினேன். டியூட்டி நோட்டைப் பாருங்க. அந்தப் பொண்ணுக்கு நான் ஒரு ஆளை ஒப்படைக்கல, ஒரு கட்டிலைத்தான் ஒப்படைச்சேன்."

விக்கல் வரவில்லை.

கண்ணாடிக்கார அம்மாள் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "தொப்பிக்காரர்" வந்த இடத்தில் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பூமி பிளக்காதா என்றிருந்தது. பிளந்திருந்தாலும் என் அகலத்துக்குப் போதியிருக்காது. பிறகு கேட்டார்: "இனி எப்படிச் செய்வீர்கள்?"

யோசித்து வைத்திருந்தேன். உன்னிடமிருந்து திருடியது. நீ வகுப்பில் தினமும் காலையில் பெயர் கூப்பிடுகிறாய், பிள்ளைகள் "இருக்கேன்" என்கிறார்கள். யார் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் உனக்கென்ன? ஊசிக்கு முன்னால் நோயாளியே தன் பெயரைச் சொல்ல வேண்டும், நர்ஸ் தாளைப் பார்த்து அதே பெயரைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மருந்துத் தாள் கட்டிலோடு இல்லாமல் ஆளோடு போக வேண்டும். தப்பு நடந்தால் அன்றைக்கே அவரிடமும் வீட்டாரிடமும் சொல்ல வேண்டும்.

"இது என்ன பள்ளிக்கூடமா?" என்றார் மாமிர்குல்.

"பள்ளிக்கூடமா இருந்திருந்தா நான் கிழங்கு தின்னிருக்க மாட்டேன்!" நடைக்கூடத்திலிருந்து குரல்.

தீர்ப்பு: கலியாவின் சான்றிதழ் அவளிடமே. ஒரு எச்சரிக்கை மட்டும். எனக்குக் கண்டனம், ஆறு மாதத்துக்குத் தலைமைப் பதவி இல்லை, சாதா நர்ஸ். அந்த ஆறு மாதமும் மூன்றாம் வார்டு கலியாவின் பொறுப்பில். அவளே எனக்கு டியூட்டி போடுகிறாள், ஒவ்வொரு தடவையும் "தப்பா எடுத்துக்காதீங்கக்கா" என்று தொடங்கி. ஞாயிற்றுக்கிழமையும் போட்டிருக்கிறாள், தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

உன் சாதா நர்ஸ் தங்கை,
புருல்கான்


தலாஸ்,
25 ஜூலை 1998

அருமைத் தங்கைக்கு,

நாங்கள் எல்லோரும் மேய்ச்சல் மலையிலிருந்து நேற்றுத்தான் இறங்கினோம். அத்தான் குமிஸ், அந்தப் புளித்த குதிரைப்பாலைக் குடித்துக் குடித்துப் பத்து வயது குறைந்துவிட்டார், புத்தியிலும். உன் கடிதத்தை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பெயர் வந்த இடத்தில் நிறுத்தி மறுபடியும் படித்தேன்.

கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பத்துப் பிழைகள். ஒன்பது வழக்கமானவை. பத்தாவதைச் சிவப்பில் வட்டமிட்டிருக்கிறேன்: தெமிர்பெக் அல்ல, தெமிர்பேக். முதன்முறையாக எழுதியிருக்கிறாய் என்பதால் மதிப்பெண் குறைக்கவில்லை. பத்துத் தடவை எழுதிப் பழகு.

உன் அக்கா


காரா-பெல்,
11 அக்டோபர் 1998

அன்பு அக்கா அனார்கானுக்கு,

உன் ஆடுகளும் அத்தானின் வயதும் ஏறிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். முதல் பனி விழுந்துவிட்டது. பத்துத் தடவை எழுதினேன், இந்தக் கடிதத்தில் பார்த்துக்கொள்.

போன வாரம் ஜன்னல்காரர் மறுபடியும் வந்து சேர்ந்தார். அதே சர்க்கரை. இரண்டு நாள் கழித்து வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சுச் சளி கட்டி மூச்சு வாங்கியது, கொண்டுவந்து சேர்த்தோம். வேறு கட்டில் காலி இல்லை. மூன்றாம் வார்டு. ஒருவர் ஜன்னல் பக்கம், ஒருவர் கதவுப் பக்கம். இரண்டு பேரும் வெள்ளைத் தாடி, இரண்டு பேரும் தொப்பி, இரண்டு பேரும் சேர்ந்தவுடனே சீட்டு விளையாட ஒரே கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

சாயங்கால ஊசி நேரம். கையில் இன்சுலின், தாள். வாசலில் கலியா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதவிக்கு வரவில்லை, அக்கா. நல்ல பெண்.

"தெமிர்பேக்!" என்று கூப்பிட்டேன்.

"இருக்கேன்!" என்றார்கள் இரண்டு பேரும்.

வார்டே சிரித்தது. மார்ச் மாதத்துப் புருல்கான் இங்கே நின்றிருந்தால் இந்த ஊசி யாருக்குப் போயிருக்கும்?

"யார் மகன் தெமிர்பேக், எந்த வருஷம் பிறந்தவர்? ஒவ்வொருத்தரா நீங்களே சொல்லுங்க."

"ஜோல்தோஷ் மகன். இருபத்தெட்டாம் வருஷம்," என்றார் ஜன்னல்காரர். தாளோடு ஒத்துப்பார்த்தேன். "ஜோல்தோஷ் மகன் தெமிர்பேக், உங்களுக்கு இன்சுலின், பன்னிரண்டு யூனிட்." அவர் சட்டையைத் தூக்கினார். போட்டேன்.

பிறகு அடுத்த தாளை எடுத்துக்கொண்டு என் பெரியவர் பக்கம் திரும்பினேன்.

"அப்பா, உங்களுக்கு..."

அவர் சீட்டுக்கட்டைப் பார்த்துக்கொண்டே கையைக் காதில் வைத்தார். "யாரைக் கூப்பிடுறீங்க நர்ஸம்மா? காதுல விழல."

கூப்பிட்டேன், அக்கா. நன்றாக உரக்க.

முத்தங்களுடன்,
புருல்கான்

பி.கு.: டியூட்டி முடிந்துவிட்டது. இதைப் பெரியவர் காலடியில் உட்கார்ந்துதான் எழுதினேன். கட்டில் என் எடைக்குக் கிரீச்சிடுகிறது, ஆனால் வளையவில்லை. நல்ல இரும்புக் கட்டில்.